உட்கரு ஏன் எப்போதும் நீலம்?

கருப்புப் பின்னணியில் பச்சையும் சிவப்புமாக மின்னும் செல் படங்களை உயிரியல் புத்தக அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? பச்சை எதைக் காட்டுகிறது, சிவப்பு எதைக் காட்டுகிறது என்பது படத்துக்குப் படம் மாறும். நீலம் மட்டும் அநேகமாக மாறாது. நீலம் என்றால் உட்கரு. எந்த மாநாட்டிலும் யாரும் தீர்மானம் போட்டு இப்படி வைக்கவில்லை. மற்ற நிறங்கள் எல்லாம் பிடிக்கப்பட்டுவிட்ட பிறகு மிச்சமிருந்த நாற்காலி அது. அதில் வந்து உட்கார்ந்ததோ, மருந்தாகப் பிறந்து மருந்தாகத் தேறாமல் போன ஒரு பொருள். இந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

முதலில் கவுண்டர்ஸ்டெயின் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தமிழில் பின்னணிச் சாயம் என்று சொன்னால் பொருந்தும் என்று நினைக்கிறேன். தோலில் கொப்புளம் கொப்புளமாக வரும் பெம்ஃபிகஸ் என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் உடலே தன் தோல் செல்களுக்கு எதிராக எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது என்று 1964-ல் பியூட்னர், ஜோர்டன் என்ற இருவர் காட்டினார்கள். தோலை மெல்லிய சீவலாகச் சீவி, பச்சையாக ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்பொருளை ஊற்றிப் பார்த்தால், செல்களின் ஓரங்களில் மீன்வலை போல ஒரு பச்சைக் கோலம் தெரியும். நல்லது. ஆனால் அந்த வலை தோலின் எந்த அடுக்கில் இருக்கிறது? மேலா, கீழா? சுற்றிலும் கும்மிருட்டாக இருந்தால் எப்படிச் சொல்வது? இருட்டு மைதானத்தில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது, அது யார் வீட்டு விளக்கு என்று தெரியவில்லை என்கிற கதைதான். சுற்றுப்புறத்தை மங்கலாக, வேறு நிறத்தில் காட்டிக்கொடுப்பதுதான் பின்னணிச் சாயத்தின் வேலை. மங்கலாக என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

சாதாரண நுண்ணோக்கியில் இது பெரிய தலைவலி இல்லை. அங்கே எல்லாமே வெள்ளை வெளிச்சத்தில் நடக்கிறது. ஊதாவுக்கு எதிராக இளஞ்சிவப்பு, சிவப்புக்கு எதிராக நீலம் என்று கண்ணுக்குப் பிடித்த ஜோடியைப் போட்டுக்கொள்ளலாம். உடனொளிர்வு நுண்ணோக்கியில் அந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே சாயம் தானே விளக்கு. ஒரு நிற ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள வேறு நிற ஒளியைத் திருப்பித் தரும். 1852-ல் ஸ்டோக்ஸ் கண்டுசொன்ன விதி இது. (ஃப்ளோரசன்ஸ் என்ற பெயரும் அவர் வைத்ததுதான், ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் நினைவாக.) ஆகவே ஒரு சாயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது என்ன நிறம் என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த ஒளியை வாங்கும், எந்த ஒளியைத் தரும், அது பக்கத்துச் சாயத்தின் எல்லைக்குள் எவ்வளவு கசியும் என்று மூன்றையும் பார்க்கவேண்டும்.

இதற்கு மேல் இன்னொரு வில்லங்கம், திசுவே ஒளிரும். 1904-ல் ஜெனா நகரில் சைஸ் கம்பெனியில் ஆகஸ்ட் கோலர் புறஊதா ஒளியை வைத்து இன்னும் நுணுக்கமாகப் பார்க்க முயன்றபோது, எந்தச் சாயமும் போடாத பொருள்களே மினுக்குவதைக் கண்டார். அவருக்கு அது ஒரு தொந்தரவு. அந்தத் தொந்தரவையே மூலதனமாக்கி அடுத்த பத்து வருஷத்துக்குள் வியன்னாவிலும் ஜெனாவிலும் உடனொளிர்வு நுண்ணோக்கிகளைக் கட்டிவிட்டார்கள். ஆனால் தொந்தரவு தொந்தரவாகவே இருந்தது. கொலாஜன், எலாஸ்டின் போன்ற நார்கள் புறஊதா ஒளியில் நீலமும் நீலப்பச்சையுமாக ஒளிரும். வயதான செல்களில் சேரும் லிப்போஃபஸ்சின் என்ற கசடு மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒளிரும். ஃபார்மலினில் ஊறவைத்த திசு என்றால் இன்னும் மோசம்.

இதில் முதலில் மாட்டிக்கொண்டவர் ஆல்பர்ட் கூன்ஸ். ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். 1939 கோடையில் பெர்லின் போயிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை. ருமாட்டிக் காய்ச்சலில் இதயத்தில் வரும் சிறு முடிச்சுகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் சரக்கு ஏதாவது இருக்கிறதா என்று தெரியவேண்டும். கிருமியின் மேல் போய் ஒட்டும் எதிர்ப்பொருளில் ஒரு விளக்கைக் கட்டிவிட்டால் என்ன? கேட்க எளிது. ஊர் திரும்பி, கிரீச், ஜோன்ஸ் என்ற வேதியியலாளர்களுடன் சேர்ந்து 1941-ல் அதைச் செய்தும் காட்டினார். கட்டிய சாயம் ஆந்த்ரசீன் வகை. அது நீலமாக ஒளிரும்.

சோதனைக் குழாயில் கிருமிகளை மட்டும் பார்க்கும்வரை நீலம் பிரமாதம். திசுவில் வைத்துப் பார்த்தால் திசுவும் நீலம், கிருமியும் நீலம். பால் கிண்ணத்தில் வெள்ளை முத்தைத் தேடுவது மாதிரி. ஆகவே நிறத்தை மாற்றியாக வேண்டிய கட்டாயம். திசு அவ்வளவாகத் தராத நிறம் எது என்று தேடி ஃப்ளோரசீனைப் பிடித்தார்கள். அடால்ஃப் வான் பேயர் 1871-ல் செய்த சாயம் அது. (1877-ல் டான்யூப் ஆற்றில் நீர் மண்ணுக்குள் மறையும் இடத்தில் பத்து கிலோவைக் கரைத்துவிட்டு, அது ஆக் என்ற ஊற்றில் பச்சையாக வெளிவருவதைப் பார்த்து நிலத்தடி நீரோட்டத்தையே கண்டுபிடித்திருக்கிறார்கள். பளிச்சென்ற பச்சைக்கு இதைவிட நற்சான்றிதழ் வேண்டுமா!) 1942-ல் பெர்லைனர் என்பவரும் சேர, பச்சை விளக்கு கட்டிய எதிர்ப்பொருளை வைத்து, நிமோனியா கிருமியின் சரக்கு எலியின் திசுவில் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். பிறகு யுத்தம். கூன்ஸ் ராணுவ மருத்துவராகப் போய்விட்டார். திரும்பி வந்து 1950-ல் கப்லானுடன் சேர்ந்து முறையைச் செம்மை செய்தார்.

என் கணக்கில் இந்தத் துறையின் மொத்த நிற அரசியலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. பச்சை, முக்கியமான பொருளுக்கு என்று பட்டா போட்டாயிற்று. நீலத்தைத் திசுவே ஆக்கிரமித்துக்கொண்டது. பின்னணிக்கு மிச்சம் சிவப்பு.

கூன்ஸின் முறையில் ஒரு பெரிய சிரமம், அந்தச் சாயத்தைத் தயாரிக்க ஃபாஸ்ஜீன் வேண்டும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே விஷவாயுதான். 1958-ல் ஃப்ளோரசீன் ஐசோதயோசயனேட் வந்த பிறகு அந்த ஆபத்து போயிற்று. ஆய்வுக்கூடங்கள் எல்லாம் இறங்கிவிட்டன. இறங்கியதும் எல்லோரும் ஒரே குறையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பச்சை, ஒட்டவேண்டிய இடத்தில் மட்டுமா ஒட்டுகிறது? கண்ட இடத்திலும் லேசாக ஒட்டுகிறதே! 1959-ல் ஸ்மித், மார்ஷல், ஈவ்லண்ட் என்ற மூவர் இதற்கு ஒரு கெட்டிக்கார வழி சொன்னார்கள். சாதாரண ஆல்புமின் புரதத்தில் ஆரஞ்சு-சிவப்பாக ஒளிரும் ரோடமீன் சாயத்தைக் கட்டி, அதைத் திசுவின் மேல் விடுவது. யார் வந்தாலும் உட்கார இடம் கொடுக்கும் ஒட்டும் இடங்களில் எல்லாம் ஆல்புமின் போய் உட்கார்ந்துவிடும். வேண்டாத பச்சை தெரிந்த இடம் சிவப்பாகிவிடும். பின்னணியும் கிடைத்தது, பொய்ப் பச்சையும் அடங்கியது. வேறொரு வசதியும் இருந்தது. பச்சைக்கு மேற்பட்ட அலைநீளம் எல்லாவற்றையும் விடும் வடிகட்டி ஒன்றைப் போட்டால் பச்சையும் சிவப்பும் ஒரே பார்வையில் தெரியும், எதையும் மாற்றவேண்டாம்.

(பின்னணியை வேறு நிறமாக்காமல் வெறுமனே அணைத்துவிடுவதும் உண்டு. காசநோய்க் கிருமியை ஆரமீன் சாயத்தால் மஞ்சளாக ஒளிரவிட்டு, மேலே பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஊற்றினால் மற்றதெல்லாம் இருண்டுவிடும். சளியில் கிருமியைத் தேடும் வேலை என்பதால் இங்கே முகவரி தேவையில்லை, இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையத்திலிருந்து சளிப் பூச்சுகளை உடனொளிர்வு நுண்ணோக்கியில் பார்ப்பது பற்றி 1959-லேயே கட்டுரை வந்திருக்கிறது. திசுச் சீவலில் இந்த அணைக்கும் வித்தை அவ்வளவு உதவாது. அங்கே முகவரிதான் கேள்வியே.)

சிவப்பு வரிசையில் எல்லோருக்கும் பிடித்துப்போனது எவன்ஸ் ப்ளூ. பெயரில் நீலம், பாட்டிலிலும் நீலம், ஆனால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் சிவப்பாக ஒளிரும். ஹெர்பர்ட் எவன்ஸ் என்ற அமெரிக்க உடற்கூறு நிபுணரின் பெயர் அது. ரத்தத்தில் செலுத்தினால் ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு வெளியேறாமல் சுற்றும் என்பதால் உடலில் மொத்தம் எவ்வளவு ரத்தம் என்று அளக்கப் பயன்பட்டது. புரதம் எதைக் கண்டாலும் ஒட்டும் அதே குணம்தான் திசு முழுவதையும் சிவப்பாக்கவும் உதவியது. மலிவு. ஒரே சொட்டில் வேலை முடிந்துவிடும்.

இந்த மலிவான சொட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வெறிநாய்க்கடிச் சோதனையைச் சொல்லவேண்டும். பழைய முறையில் நாயின் மூளையில் நெக்ரி உடல்கள் என்ற உருண்டைகளைத் தேடுவார்கள். 1903-ல் நெக்ரி கண்டுபிடித்தவை. சிக்கல் என்னவென்றால் வெறிநோய் உள்ள எல்லா மூளையிலும் அவை தெரிவதில்லை. 1958-ல் கோல்ட்வாஸரும் கிஸ்லிங்கும் ஒளிரும் எதிர்ப்பொருளை வைத்து வைரஸையே பச்சையாகக் காட்டினார்கள். பிறகு உலகமெங்கும் அதுவே நிலையான சோதனை ஆனது. உயிரோடு இருக்கும் நோயாளியின் பிடரித் தோலிலிருந்து ஒரு துளி எடுத்து, உறையவைத்துச் சீவி, மயிர்க்கால்களைச் சுற்றியுள்ள நரம்புகளில் பச்சையைத் தேடுவதும் இதே முறைதான். பச்சைப் புள்ளிகள் நன்றாக எடுப்பாகத் தெரியப் பின்னணிக்கு எவன்ஸ் ப்ளூ.

இப்போது அந்த ‘மங்கலாக’ என்ற வார்த்தை வருகிறது. எவன்ஸ் ப்ளூ கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் என்ன ஆகும்? திசு முழுக்க செங்கல் சிவப்பாக எரியும். பலமான பச்சை தப்பிக்கும். மெல்லிய பச்சை, அதாவது வைரஸ் குறைவாக இருக்கும் மூளையின் பச்சை, அமுங்கிப்போகும். கண்ணை ஏமாற்றும் விஷயம் மட்டும் இல்லை இது. இந்த வகைச் சாயங்கள் பக்கத்தில் இருக்கும் ஃப்ளோரசீனின் ஒளியையே உறிஞ்சிக்கொள்ளக் கூடியவை. செல்லுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சையை வேண்டுமென்றே அணைப்பதற்கு இதன் உடன்பிறப்பான ட்ரிபான் ப்ளூவைப் பயன்படுத்தும் வழக்கமே உண்டு. கடித்த நாயின் மூளையில் ‘இல்லை’ என்று எழுதிக்கொடுத்தால் கடிபட்டவரின் சிகிச்சையை நிறுத்திவிடக்கூடும். அறிகுறி வந்துவிட்டால் இந்த நோயில் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிவப்பை எத்தனை நீர்ப்பில் போடுவது என்பது அழகியல் கேள்வி இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

ட்ரிபான் ப்ளூ என்றேன் அல்லவா, அந்தப் பெயரில்தான் கதையின் அடுத்த பாதி ஒளிந்திருக்கிறது. எவன்ஸ் ப்ளூவும் ட்ரிபான் ப்ளூவும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. சல்ஃபோனிக் அமிலக் கால்கள் மாட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. ‘ட்ரிபான்’ என்பது ட்ரிப்பனோசோம், ஆப்பிரிக்கத் தூக்க நோயின் கிருமி. பால் எர்லிக் சாயங்களை வைத்துக்கொண்டு மருந்து தேடியவர். கிருமியின் மேல் சாயம் ஒட்டுகிறது, மனிதச் செல்லில் ஒட்டவில்லை என்றால் அதையே விஷமாக்கிக் கிருமியை மட்டும் கொல்லலாமே என்பது அவர் கணக்கு. 1891-ல் மெத்திலீன் ப்ளூவை மலேரியா நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார். 1904-ல் ஷிகாவுடன் சேர்ந்து ட்ரிபான் ரெட். அதன் தம்பிதான் ட்ரிபான் ப்ளூ. சாயம் மருந்தாகும் காலம் அது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு வண்டி எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தது. 1971-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஓட்டோ டான் என்பவரின் ஆய்வுக்கூடம் அதே தூக்க நோய்க் கிருமிக்கு மருந்து தேடிப் பல பொருள்களைத் தயாரித்தது. அதில் ஒன்று டாப்பி. முழுப்பெயர் டைஅமிடினோ-ஃபினைல்-இண்டோல். மருந்துக் கடைக்கு அது போய்ச்சேரவில்லை. ஆனால் டி.என்.ஏ. மேல் அதற்கு ஒரு தனிப் பிரியம். அடினைன்-தைமின் ஜோடிகள் நிறைந்த இடத்தில், இரட்டைச் சுருளின் குறுகிய பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். படுத்ததும் சுமார் இருபது மடங்கு அதிகமாக ஒளிரும். நிறம் நீலம். லண்டனில் வில்லியம்சன் என்பவர் 1975-ல் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பிரிக்க இதைப் பயன்படுத்தினார். அதே வருஷம் அவரும் சகாக்களும் செல் வளர்ப்புகளில் திருட்டுத்தனமாகக் குடியேறும் மைக்கோபிளாஸ்மாவைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தினார்கள். உட்கருவுக்கு வெளியே நீலப் பொட்டுகள் தெரிந்தால் செல்கள் கெட்டுவிட்டன என்று அர்த்தம்.

டாப்பி தனிமரம் இல்லை. ஃப்ராங்ஃபர்ட் பக்கத்தில் ஹோக்ஸ்ட் கம்பெனி ஒட்டுண்ணிகளுக்கு மருந்து தேடிச் செய்த பொருள்களில் ஒன்றுக்கு வரிசை எண் 33258. அது வேறு பெயரே வைத்துக்கொள்ளவில்லை. ‘ஹோக்ஸ்ட் 33258’ என்றே சாயமாகி, 1970களின் தொடக்கத்திலிருந்து குரோமோசோம்களை நீலமாகக் காட்ட ஆரம்பித்தது. எத்திடியம் புரோமைடு மாடுகளின் ட்ரிப்பனோசோம் நோய்க்கு 1950களில் வந்த மருந்து. அதன் நெருங்கிய உறவு ப்ரோபிடியம் அயோடைடு, அது உட்கருவைச் சிவப்பாகக் காட்டும். எல்லாம் ஒரே சாதிக்கட்டு! இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றுகிறது. ஒட்டுண்ணியைக் கொல்ல அதன் டி.என்.ஏ.வைப் பிடிக்கவேண்டும் என்று தட்டையான, மின்னேற்றம் உள்ள மூலக்கூறுகளாகச் செய்துகொண்டே போனார்கள். அப்படிப்பட்ட மூலக்கூறுகள் ஒளிரவும் செய்யும். அவை ஒட்டுண்ணியின் டி.என்.ஏ., நம் டி.என்.ஏ. என்று பேதம் பார்க்காமல் பிடிக்கும். மருந்துக்கு அது அவலட்சணம். சாயத்துக்கு அதுவே லட்சணம்.

சரி, திசு ஆக்கிரமித்துக்கொண்டதாகச் சொன்ன நீலத்தில் டாப்பி எப்படி இடம் பிடித்தது? இரண்டு காரணம். ஒன்று, அது திசுவின் மங்கலான நீலத்தைவிட எத்தனையோ மடங்கு பளிச்சென்று, உட்கரு என்ற ஒரே வடிவத்தில் தெரிகிறது. மெலிந்த எதிர்ப்பொருளைத் தேடும்போது தொந்தரவாக இருக்கும் தன்னொளிர்வு, உட்கருவை அடையாளம் காட்டும்போது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு, கருவி மாறிவிட்டது. 1967 வாக்கில் நெதர்லாந்தின் ப்ளூம், மேலிருந்து ஒளியைப் பாய்ச்சி அதே வழியாகத் திரும்பும் ஒளியைப் பார்க்கும் அமைப்பைக் கண்ணாடிகளும் வடிகட்டிகளுமாக நான்கு நிறத்துக்கும் செய்துகொடுத்தார். ஒரு பொத்தானை நகர்த்தினால் அடுத்த நிறம். டாப்பி புறஊதாவை வாங்கி நீலத்தைத் தருகிறது, ஃப்ளோரசீன் நீலத்தை வாங்கிப் பச்சையைத் தருகிறது, ஆக ஒன்றைப் பார்க்கும்போது மற்றது பெரும்பாலும் கண்ணில் படாது. சிவப்புப் பின்னணியை எப்போதும் சுமக்கவேண்டிய கட்டாயம் போயிற்று. அதோடு சிவப்பு நாற்காலியும் காலியாகி, அதில் இரண்டாவது எதிர்ப்பொருள் உட்கார்ந்தது. இன்றைய மூவர்ணப் படம் பிறந்தது இப்படித்தான்.

நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. 1980களின் இறுதியில் கன்ஃபோகல் நுண்ணோக்கிகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் இருந்தது ஆர்கான் லேசர், நீலமும் பச்சையும்தான் தரும். புறஊதா இல்லாமல் டாப்பிக்கு வாழ்வேது? விலை உயர்ந்த புறஊதா லேசர் வாங்க முடியாதவர்கள் ப்ரோபிடியத்துக்குத் திரும்பினார்கள். அதுவோ ஆர்.என்.ஏ.வையும் பிடிக்கும். முன்னதாக ஒரு நொதியை வைத்து ஆர்.என்.ஏ.வை அழிக்கவில்லை என்றால் செல் முழுக்கச் சிவப்பு. 2000களில் 405 நானோமீட்டர் ஊதா டயோடு லேசர் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் டாப்பி மீண்டது. நகமுராவின் காலியம் நைட்ரைடு வேலையின் வாரிசு அந்த லேசர். ப்ளூ-ரே தட்டுகளைப் படிப்பதும் அதே அலைநீளம்தான். சினிமா பார்க்கச் செய்த விளக்கு உட்கரு பார்க்கவும் வந்தது :-)

டாப்பி வந்ததால் தேர்வு என்ற பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் திசுச் சீவலில் ஆரஞ்சுப் புள்ளிகளையும் பச்சைப் புள்ளிகளையும் ஒவ்வோர் உட்கருவாக எண்ணுவார்கள். குறைந்தது இருபது உட்கருக்கள். இரண்டின் விகிதத்தைப் பார்த்துத்தான் டிராஸ்டுசுமாப் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று முடிவாகும். உட்கருவின் எல்லையைக் காட்டுவது டாப்பி. எல்லை மங்கினால் பக்கத்து உட்கருவின் புள்ளி இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். டாப்பி தூக்கலானால் புள்ளிகளே மூழ்கும். வெறிநாய்க்கடியில் சிவப்புக்கு இருந்த அதே கத்திமுனை இங்கே நீலத்துக்கு. வயதான மூளைத் திசு என்றால் லிப்போஃபஸ்சின் பச்சை, சிவப்பு இரண்டு வழியிலும் கசிவதால், கண்ணுக்கே சரியாகத் தெரியாத தொலைசிவப்புச் சாயங்களை முக்கியப் பொருளுக்கு வைத்துக்கொண்டு கேமராவை நம்புகிறார்கள். சிலர் சூடான் ப்ளாக் என்ற கருப்புச் சாயத்தைப் போட்டு அந்தக் கசடை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள்.

டாப்பியிடம் இன்னொரு துஷ்டத்தனமும் உண்டு. புறஊதா ஒளியில் அதிக நேரம் வைத்திருந்தால் அதில் கொஞ்சம் வேதியியல் மாற்றம் அடைந்து, நீல ஒளியை வாங்கிப் பச்சையைத் தரும் வடிவமாகிவிடும். ஹோக்ஸ்ட்டுக்கும் இதே பழக்கம். முதலில் உட்கருவை ஆசைதீரப் பார்த்துவிட்டுப் பிறகு பச்சைக்கு மாறினால், எதிர்ப்பொருளே இல்லாத உட்கருவும் பச்சையாக நிற்கும். புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்து ஏமாறலாம். அதனால் விவரமானவர்கள் சிவப்பையும் பச்சையையும் படம் எடுத்து முடித்துவிட்டு, நீலத்தைக் கடைசியில்தான் திறக்கிறார்கள்.